மஞ்சள் வண்டிகள் இரண்டு

புல்லை வெட்டுவதற்கென்றே ஒருவர் டிராக்டர் வாங்குகிறார் என்றால் நம் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். நம் பகுதியில் புல் முளைத்தால் ஆடு வரும். ஆடு வராவிட்டால் வெயில் வரும். இரண்டில் ஒன்று அதன் கணக்கை முடித்துவிடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஒஹையோ மாநிலத்தில், அதன் தென்கிழக்கு மேட்டு நிலத்தில், நம் மகள் குடியிருக்கும் வீட்டைச் சூழ்ந்த இரண்டரை ஏக்கரில் நிலைமை வேறு. அங்கே ஏப்ரலில் தலைகாட்டும் புல் அக்டோபர் வரை ஓய்வதில்லை. மே மாதத்து மழையில் ஒரு வாரம் வெட்டாமல் விட்டால் கணுக்கால் மறைகிறது. இரண்டு வாரம் விட்டால் உண்ணிகள் குடியேறுகின்றன. குழந்தை விளையாடும் முற்றத்தில் உண்ணி என்பது அந்நாட்டில் சிறு செய்தி அன்று. மாதக்கணக்கில் வாட்டும் நோயைக் கொண்டுவர வல்லது அது.

சென்ற ஆண்டு மே மாதம் நாமும் நம் துணைவியாரும் அங்கே சென்றிருந்த நாட்களில், அவ்வீட்டில் பேசப்பட்ட பேச்செல்லாம் ஒன்றே ஒன்றுதான். கியர் வண்டியா, ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியா? காலை உணவின்போது அது. இரவு உணவின்போதும் அதுவே. நாற்பது ஆண்டுகளாக அரபு இலக்கணமும் தமிழ் இலக்கணமும் அன்றி வேறொன்றும் அறியாதவர் என்று நம்மைக் கருதும் வீட்டார், இந்த உரையாடலில் நம்மைச் சேர்க்க முற்படவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருப்பதை யாரும் தடுக்கவில்லை. கேட்டதையும் கண்டதையும் பின்னர் விசாரித்துத் தெளிந்ததையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளலாம் எனத் தோன்றிற்று. நம் குடும்பங்களில் பிள்ளைகளை அந்நாட்டில் குடிவைத்திருப்போர் இன்று ஏராளம். அவர்களுள் சிலருக்கேனும் இது பயன்படக்கூடும்.

முதலில் சூழ்நிலையைச் சொல்லிவிட வேண்டும். மருமகன் பாலங்களைச் சோதித்துப் பார்க்கும் பொறியாளர். மாதத்தில் பாதி நாள் வெளியூரில். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடது முழங்காலின் தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். மகள் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறாள். பேரனுக்கு நான்கு வயது. வீட்டின் முன்புறம் சமதளம். அதில் பதினேழு மரங்கள். பின்புறம் நிலம் சரிந்துகொண்டே போய் ஓர் ஓடையில் முடிகிறது. குளிர்காலத்தில் சாலையிலிருந்து வீடுவரை முந்நூறு அடி நீளப் பாதையில் பனியைத் தள்ள வேண்டும். மரங்கள், சரிவு, ஓடை, பனி, முழங்கால், குழந்தை. இந்த ஆறையும் மனத்தில் இருத்திக்கொண்டு படித்தால்தான் இனி வருவது விளங்கும்.

புல்வெளி டிராக்டர் வேறு, தோட்ட டிராக்டர் வேறு என்பதை நாம் அங்கேதான் அறிந்தோம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முன்னது இலகுவானது; புல் வெட்டும், சிறு வண்டியை இழுக்கும், அவ்வளவே. பின்னது கனமான இரும்புச் சட்டமும் வலுவான பின் அச்சும் உடையது. கலப்பையைப் பூட்டி மண்ணைப் புரட்டலாம், பனியைத் தள்ளலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து மக்கள் நகரங்களை விட்டுப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்த காலத்தில் இவ்வண்டிகள் பெருகின. இந்தியானா மாநிலத்தில் 1946-ல் வீல் ஹார்ஸ் நிறுவனம் தோன்றியது. பெரும் டிராக்டர்களுக்குப் பெயர்பெற்ற இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1960-ல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ‘கப் கேடட்’ எனும் சிறு வண்டியைச் செய்யத் தொடங்கியது. 1963-ல் ஜான் டியர் தன் 110 என்னும் வண்டியுடன் வந்து சேர்ந்தது. அன்று செய்த அவ்வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன என்பதுதான் வியப்பு. புதிதாக ஒரு தோட்ட டிராக்டர் வாங்கச் சில ஆயிரம் டாலர் வேண்டும். ஐம்பது வயது கடந்த பழைய வண்டியோ சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. அதனினும் புதியதாய்க் குறைந்த விலைக்குக் கடையில் நிற்கும் புல்வெளி வண்டிகளில், எண்ணெயை மாற்றவும் வழியில்லாதபடி மூடி முத்திரையிட்ட இயக்கப் பெட்டிகளே பலவற்றில் உள்ளன. மருமகன் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஐந்து மைல் தொலைவில் ஒரு முதிய விவசாயி இருந்தார். மறைந்த தம் சகோதரரின் பண்டசாலையைக் காலி செய்துகொண்டிருந்தார். அங்கே இரண்டு கப் கேடட் வண்டிகள். ஒன்று 1200, மற்றது 1250. இரண்டும் 1970-களில் செய்யப்பட்டவை. இரண்டிலும் அதே பன்னிரண்டு குதிரைத்திறன் கோஹ்லர் இயந்திரம், அதே சட்டம், அதே சக்கரம், அதே மஞ்சளும் வெள்ளையும். இரண்டிலும் இயந்திரத்தின் ஆற்றல் பெல்ட் வழியாக அன்றி நீண்ட தண்டு ஒன்றின் வழியாகவே பின்புறம் போகிறது. எண்ணில்தான் ஐம்பது வேறுபாடு; ஆனால் வயிற்றில் முழு வேறுபாடு. 1200 கியர் வண்டி. 1250 ஹைட்ரோஸ்டாட்டிக். விலை முன்னதற்கு 700 டாலர், பின்னதற்கு 1,100. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடச் சிறந்த வாய்ப்பு எவருக்கும் அமையாது.

கியர் வண்டியை விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்ப் பழைய ஜீப்பை ஓட்டியவர் எவரும் அறிவார். இடது காலால் கிளட்ச்சை அழுத்தி, பல்சக்கரங்களைச் சேர்த்து, காலை எடுத்தால் வண்டி நகரும். 1200-ல் முன்செல்ல மூன்று கியர், பின்செல்ல ஒன்று. ஆனால் ஜீப்பில் ஓடிக்கொண்டே கியர் மாற்றுவதுபோல் இதில் மாற்றக்கூடாது. வண்டி நின்ற பிறகே மாற்ற வேண்டும். மீறினால் பல் நொறுங்கும். மேலும், இவ்வண்டியில் கிளட்ச்சும் பிரேக்கும் ஒரே மிதி. பாதி அழுத்தினால் கிளட்ச் விடும். முழுதும் அழுத்தினால் பிரேக் பிடிக்கும். இதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் பல்சக்கரத்தின் வேலையை எண்ணெய் செய்கிறது. இயந்திரம் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் எண்ணெயை அழுத்தி ஒரு மோட்டாருக்குள் செலுத்துகிறது. மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இவ்வளவும் யாரும் சிந்திக்கக்கூடியதே. அழகெல்லாம் பம்புக்குள் இருக்கிறது. அங்கே ஓர் உருளைக் கட்டையில் வட்டமாகச் சில துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பிஸ்டன். பிஸ்டன்களின் தலைகள் ஒரு தட்டின்மேல் சாய்ந்து நிற்கின்றன. கட்டை சுழல்கிறது, தட்டு சுழல்வதில்லை. தட்டு நேராக இருந்தால் பிஸ்டன்கள் சுற்றிவருமே தவிர உள்ளும் புறமும் அசையா, எண்ணெய் நகராது, வண்டி நிற்கும். ஓட்டுபவர் கைப்பிடியைச் சிறிது தள்ளினால் தட்டு சிறிது சாயும். உடனே ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு சுற்றில் ஒருமுறை உள்ளே போய் வெளியே வரும். கொஞ்சம் எண்ணெய் ஓடும். வண்டி ஊர்ந்து செல்லும். மேலும் தள்ளினால் மேலும் சாயும்; வேகம் கூடும். கைப்பிடியை நடுவிலிருந்து பின்னுக்கு இழுத்தால் தட்டு மறுபுறம் சாய்ந்து, எண்ணெய் எதிர்த்திசையில் ஓடி, வண்டி பின்னோக்கி வரும். கிளட்ச் இல்லை, கியர் மாற்றம் இல்லை. இயந்திரம் தன் போக்கில் ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டேயிருக்கும். ஊர்வதும் விரைவதும் பின்வாங்குவதும் அந்தத் தட்டின் சாய்வில்தான்.

நம் தஞ்சைப் பகுதியில் நெல் அறுக்க வரும் சங்கிலிப்பட்டை அறுவடை இயந்திரங்கள் பலவற்றிலும் இம்முறையே உள்ளது. சேற்றில் ஓட்டுநர் ஒரு கைப்பிடியை முன்னும் பின்னும் நகர்த்தி அவ்வளவு பெரிய இயந்திரத்தை முன்னும் பின்னும் செலுத்துவதை வரப்பில் நின்று பார்த்தவர்கள், அதன் உள்ளே நடப்பது இதுவே என்று கொள்ளலாம்.

பெயரைப் பற்றி ஒரு சொல். கிரேக்கத்தில் ‘ஹைட்ரோ’ என்பது நீரைக் குறிப்பது. ‘ஸ்டாட்டிக்’ என்பது நிலைத்து நிற்பது. நிமிடந்தோறும் எண்ணெய் சுற்றிச் சுற்றி ஓடும் ஒன்றுக்கு ‘நிற்பது’ என்று பெயரிடலாமா என்று மருமகனிடம் கேட்டோம். அவர் சற்று யோசித்து விளக்கினார். பெரும் கார்களில் தானியங்கிக் கியருக்கு முன்னால் உள்ள சாதனத்தில் எண்ணெயின் வேகமே தள்ளுகிறது. அது இயக்கத்தின் ஆற்றல். இதிலோ எண்ணெய் மெல்லவே நகர்கிறது. தள்ளுவது அதன் அழுத்தம். அழுத்தம் நின்ற நிலையிலும் உண்டு என்பதால் அந்தப் பெயர். நமக்கு உடனே அரபு இலக்கணம் நினைவுக்கு வந்தது. ஹரகத் பெற்ற எழுத்தை ‘முதஹர்ரிக்’ என்போம். ஸுகூன் பெற்றதை ‘ஸாகின்’ என்போம். ஸாகினான எழுத்து அசையாது; ஆனால் அதன்றிச் சொல் நிற்காது. தமிழில் புள்ளி பெற்ற மெய்யும் அப்படியே. அந்த எண்ணெய் ஓர் ஸாகின் என்றோம். மருமகன் மரியாதைக்குத் தலையசைத்தார்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. பிஸ்டன்கள் எதிரெதிராக இயங்கி நீரை ஏற்றும் இரட்டை உருளைப் பம்பை அல்-ஜஸரீ என்னும் பொறியறிஞர் 1206-ல் முடித்த தம் அரபு நூலில் படம் வரைந்து விளக்கியுள்ளார். அவருக்கு முன்பே ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் எழுதிய இயந்திர நூலுக்கு ‘கிதாபுல் ஹியல்’ என்று பெயர். ‘ஹியல்’ என்றால் உபாயங்கள். மத்ரஸாவில் ஃபிக்ஹு படித்த நமக்கு அச்சொல் சட்ட உபாயங்களாகவே அறிமுகம். இயந்திரங்களுக்கும் அதே சொல்லை அவர்கள் வைத்தது நமக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்தச் சாய்தட்டு ஒரு ஹீலா அல்லாமல் வேறென்ன?

இனி வாதம். மருமகன் கியர் வண்டியின் பக்கம். அவர் சொன்ன காரணங்கள் கனமானவை. முதலாவது, ஆற்றல். பல்சக்கரங்களில் நூற்றில் சில பங்கே வீணாகும். எண்ணெயில் நூற்றுக்கு இருபது, சில வேளை அதற்கும் மேல், வெப்பமாகப் போய்விடும். பன்னிரண்டு குதிரைத்திறனில் இரண்டு மூன்று குதிரைகள் எண்ணெயைச் சுடவைப்பதிலேயே களைத்துப்போகும். கலப்பையைப் பூட்டும்போது இது தெரியும். இரண்டாவது, பழுது. கியர்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும். கை பழகிய எவரும் சரிசெய்யலாம். ஹைட்ரோஸ்டாட்டிக் பம்பின் உட்பகுதி மிக நுண்ணிய இடைவெளிகளோடு செய்யப்பட்டது; ஒரு துளி மணல் போதும் அதைக் கீற. கெட்டால் பழுது பார்ப்பவர் அரிது. செலவு வண்டியின் விலையையே எட்டும். மூன்றாவது, 400 டாலர்.

“கியர்ப் பெட்டி நம் காலத்துக்கும் கெடாது, மாமா. அதுவோ எப்போது கெடும் என்று சொல்லவே முடியாது” என்றார் மருமகன்.

இது நியாயமான பேச்சு. பாலத்தைச் சோதிப்பவர் வேறெப்படிப் பேசுவார்? ஆனால் ஒன்றைக் கவனித்தோம். மூன்று நாள் நடந்த இவ்வாதத்தில் வண்டியின் ஆயுள் பேசப்பட்டது. எண்ணெயின் தரம் பேசப்பட்டது. கலப்பையின் அகலம்கூடப் பேசப்பட்டது. அதன்மேல் யார் உட்காரப் போகிறார் என்பது பேசப்படவில்லை. மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவர் வாராவாரம் புல் வெட்ட முடியாது. ஊரிலிருக்கும் வாரத்திலும், பதினேழு மரங்களைச் சுற்றி முன்னும் பின்னும் போகையில் மணிக்கு நூறு முறை அழுத்த வேண்டியது அந்த இடது காலைத்தான். வெட்டப் போகிறவள் மகள். அவள் அடுக்களைக்கும் கணக்கு மேசைக்கும் நடந்துகொண்டிருந்தாள். அவளை ஒருவரும் கேட்கவில்லை. நாம் கேட்டோம்.

“நீ என்னம்மா நினைக்கிறாய்?”

“ஓட்டிப் பார்க்காமல் என்ன நினைப்பது, அத்தா?” என்றாள்.

சனிக்கிழமை காலை எல்லாரும் விவசாயியின் பண்ணைக்குப் போனோம். அவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கை குலுக்கும்போதே அவர் எந்தக் கட்சி என்பது தெரிந்துவிட்டது. அவர் கையில் ஒட்டியிருந்தது கியர்ப் பெட்டியின் எண்ணெய். ஆயினும் நேர்மையான மனிதர். ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியை மருமகன் இயக்கி, பத்தடி முன்னும் பத்தடி பின்னும் ஓட்டிவிட்டு, “நன்றாக இருக்கிறதே” என்றபோது, விற்பவராகிய அவரே மறுத்தார். குளிர்ந்த எண்ணெயில் எந்தப் பம்பும் நன்றாகவே இழுக்குமாம். தேய்ந்த பம்பை எண்ணெய் சூடேறிய பிறகுதான் கண்டுபிடிக்க முடியும். எண்ணெய் சூடாகி நீர்த்ததும் இடைவெளிகளில் கசியும். அப்போது மேடு ஏறாது. “அரை மணி நேரம் புல்லை வெட்டுங்கள். பிறகு அந்த மேட்டில் ஏற்றுங்கள்” என்று பண்டசாலைக்குப் பின்னால் இருந்த மேட்டைக் காட்டினார். பழைய ஹைட்ரோஸ்டாட்டிக் வாங்க நினைப்பவர் இந்த ஒரு சொல்லை மட்டும் கொண்டுபோனாலும் போதும்.

அரை மணி நேரம் மகள் வெட்டினாள். பேரன் நம் துணைவியாரின் மடியில், காருக்குள், கண்ணாடி ஏற்றிய நிலையில். இது மகள் போட்ட நிபந்தனை: கத்தி சுழலும்வரை குழந்தை வெளியே வரக்கூடாது. பிறகு மேடு. வண்டி சற்று உயர்ந்த சுருதியில் முனகிக்கொண்டு ஏறியது; நிற்கவில்லை; தளரவில்லை. இறங்கும்போது அவள் பிரேக்கைத் தொடவேயில்லை. கைப்பிடியைப் பின்னுக்கு இழுக்க இழுக்க, வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கியது. சக்கரம் மோட்டாரைச் சுழற்ற முயல, எண்ணெய் அதைத் தடுக்கிறது. சரிவில் இறங்குபவருக்கு இது பெரிய துணை. பம்பு தேய்ந்த வண்டியில் இத்துணையும் தேய்ந்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. அதனால்தான் அந்த அரை மணி நேரம்.

அடுத்து கியர் வண்டி. சமதளத்தில் அது மணியாக ஓடியது. ஒலியில் முனகல் இல்லை; ஒரு வேகத்தில் வைத்தால் அந்த வேகம்தான். மருமகனின் முகம் மலர்ந்தது. மகள் மேட்டில் ஏறி, உச்சியில் திருப்பி, இரண்டாம் கியரில் இறங்கினாள். பாதிச் சரிவில் வேகம் அதிகமென்று தோன்றியிருக்கிறது. காரில் பழகிய காலல்லவா? மிதியை அழுத்தினாள், பாதியே அழுத்தினாள். கிளட்ச் விட்டது, பிரேக் இன்னும் பிடிக்கவில்லை. வண்டிக்கும் இயந்திரத்துக்கும் இருந்த பிடி அற்று, அது தன் எடையில் உருளத் தொடங்கியது. நாலைந்து அடிதான். மறுகணம் மிதியை முழுதும் அழுத்தினாள். வண்டி குலுங்கி நின்றது. ஒன்றும் நேரவில்லை. இது வண்டியின் குறையும் அன்று. கிளட்ச் உள்ள எவ்வண்டியும் சரிவில் அப்படியே செய்யும். பழகியவர்கள் சரிவுக்கு முன்பே தாழ்ந்த கியரில் இட்டு, இறங்கி முடியும்வரை மிதியைத் தொடமாட்டார்கள்.

ஆனால் அங்கே நின்ற நால்வரும் சிறிது நேரம் பேசவில்லை. மகள் இயந்திரத்தை நிறுத்தி இறங்கி வந்தாள். “நம் வீட்டில் இதன் அடியில் ஓடை இருக்கிறது” என்றாள். அவள் அதைக் கணவரைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகவே சொன்னாள்.

மருமகன் அறிவாளி. அந்த நிமிடமே வாதத்தை விட்டுவிட்டார்.

விவசாயி விடவில்லை. அவர் சொன்னதையும் எழுதியாக வேண்டும், ஏனெனில் அது உண்மை. சரிவுக்கு அந்த வண்டி நல்லதுதான். ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு என்றார். கியர் வண்டியில் பின்னே போக வேண்டுமானால் நிற்க வேண்டும், மிதிக்க வேண்டும், கியர் மாற்ற வேண்டும். அதற்குள் மனிதன் தலையைத் திருப்பிப் பார்த்துவிடுவான். இதிலோ கையை ஓர் அங்குலம் இழுத்தால் வண்டி பின்னால் போய்விடுகிறது, கத்தி சுழன்றபடியே. எளிமையே இதன் குற்றம். அந்நாட்டில் பின்னோக்கி வரும் புல்வெட்டி வண்டிகளில் குழந்தைகள் சிக்கிய துயரங்கள் நிகழ்ந்துள்ளன. அதனாலேயே இன்றைய வண்டிகளில், பின்னோக்கிச் செல்லும்போது கத்தியோ இயந்திரமோ தானே நின்றுவிடும் பாதுகாப்பு வைக்கிறார்கள். ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்தாலும் நின்றுவிடும். ஐம்பது ஆண்டுப் பழைய வண்டியில் அத்தகைய காவலை எதிர்பார்க்க முடியாது. அந்தக் காவலை ஓட்டுபவரே தமக்கு விதித்துக்கொள்ள வேண்டும். கைப்பிடியைப் பின்னுக்கு இழுக்கும் முன் கத்தியின் இணைப்பை அறுப்பது, பின்னே திரும்பிப் பார்ப்பது, குழந்தை வீட்டுக்குள் என்று அறிந்த பின்னரே இயந்திரத்தைத் தொடுவது. மகள் இம்மூன்றையும் அன்றே வழக்கமாக்கிக்கொண்டாள்.

1250-ஐ வாங்கினார்கள். ஆயிரம் டாலருக்கு இறக்கிக் கொடுத்தார். ஏற்றி அனுப்பும் முன் இரண்டு விஷயங்களைக் காட்டினார். இயந்திரம் நின்றிருக்கும்போது இவ்வண்டியைச் சும்மா தள்ள முடியாது, எண்ணெய் தடுக்கும். வலிந்து தள்ளினால் பம்புக்குக் கேடு. இருக்கையின் முன்னுள்ள மூடியைத் திறந்து, விடுவிப்பு வால்வுகளை அழுத்திக்கொண்டுதான் நகர்த்த வேண்டும். மற்றொன்று, இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகள். அதிர்வைக் குறைக்க இவ்வரிசை வண்டிகளில் இயந்திரத்தை ரப்பரின் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். வயதான ரப்பர் அமுங்கினால் இயந்திரம் தாழும்; தண்டு கோணலாகச் சுழன்று தேயும். அவற்றை மருமகன் அவ்வாரமே மாற்றினார். பழைய ரப்பர் காய்ந்த பேரீச்சங்காய்போல் இருந்தது. இந்நிறுவனத்தின் சிறு வண்டிப் பிரிவு 1981-ல் எம்.டி.டி. என்னும் வேறொரு கம்பெனிக்கு விற்கப்பட்டது; ஆயினும் பழைய வண்டிகளுக்கு உதிரி பாகங்கள் செய்து விற்போர் இன்றும் பலர் இருக்கிறார்கள்.

புல் விஷயத்தில் நம் தீர்ப்பு மகளுடையதே. மரங்களைச் சுற்றுவதும், சரிவில் இறங்குவதும், பனியை முன்னே தள்ளிப் பின்னே வருவதுமே பெரும்பாலான வேலை என்றால், எண்ணெயில் வீணாகும் அந்த இரண்டு மூன்று குதிரைகளை மன்னித்துவிடலாம். நிலம் சமதளமாய், நீண்ட வரிசைகளாய், தேய்மானமும் செலவுமே கவலையாய் இருப்பவர்களுக்குக் கியர் வண்டியே போதும். அதற்கு மேல் கொடுப்பது வீண். மண்ணைப் பொறுத்தவரை நாம் விவசாயியின் கட்சி. 1200-ஐ அவர் விற்கவில்லை, தாமே வைத்துக்கொண்டார். அதற்கடுத்த வாரம் அதில் பத்து அங்குலக் கலப்பையைப் பூட்டி வந்து, மகளின் காய்கறிப் பாத்திக்காகக் கால் ஏக்கரைப் புரட்டிக் கொடுத்தார். முதல் கியரில், ஒரே வேகத்தில், ஒரே ஆழத்தில், கயிறு பிடித்தாற்போல் சால் ஓடியது. நம் தந்தையார் இருந்திருந்தால் அந்தச் சாலை நின்று பார்த்திருப்பார். கூலி வாங்க மறுத்துவிட்டார். ஆகஸ்டில் மகள் கொண்டுபோய்க் கொடுத்த வெண்டைக்காயை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லையாம்; மகள் அவர் அடுப்பிலேயே சமைத்துக் காட்டிவிட்டு வந்தாள்.

நாம் ஊர் திரும்பும் முன், வண்டியின் எண்ணெயை மாற்றுவதைப் பார்த்துவிட்டே வந்தோம். வடிந்த எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தது. ஆண்டுக்கணக்கில் பண்டசாலையில் நின்ற வண்டிக்குள் காற்றின் ஈரம் சேர்ந்து எண்ணெயோடு கலந்தால் அந்த நிறம் வருமாம். அப்படியே விட்டால் உள்ளே துருப்பிடிக்கும். வடிகட்டியையும் சேர்த்து மாற்றினார்கள். எண்ணெய் ஊற்றும் வாயைச் சுற்றியிருந்த புல்தூசியை மகள் துணியால் மூன்று முறை துடைத்த பிறகே மூடியைக் கழற்றவிட்டாள். புதிய எண்ணெய் தேன்போல் இறங்கியது. காலியான கலத்தின்மேல் அன்றைய தேதியை எழுதி, அடுத்து மாற்ற வேண்டிய மாதத்தையும் கீழே குறித்து, அதைச் சாவி மாட்டியிருக்கும் ஆணிக்கு நேர் கீழே, பேரனின் கைக்கெட்டாத உயரத்தில் வைத்தாள்.